மருதராயன் முகம்

ஜூன் 3

வௌவால் எச்சத்தைச் சுரண்டியதில் பாதி நாள் போயிற்று. முதுகலை வரலாறு படித்தவளுக்கு இதுதான் வேலையா என்று வீட்டில் புலம்பினால், நிழலில் உட்கார்ந்துதானே சுரண்டினாய் என்பாள் அம்மா. அதனால் புலம்பவில்லை.

வெண்கரைக் கோட்டையின் பழைய தானியக் கிடங்கில்தான் எங்கள் வட்டார வரலாற்று அருங்காட்சியகம். நான் ஒப்பந்த வழிகாட்டி. குறிப்பு அட்டைகள் தட்டச்சு செய்வதும் நானே, மழை ஒழுகினால் வாளி வைப்பதும் நானே. வாளும் சிம்மாசனமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் வருகிறார்கள். இருப்பது உடைந்த பானை, துருப்பிடித்த பீரங்கிக் குண்டு, செப்புக் காசு, அகழியில் என்றோ பிடித்துப் பாடம் செய்த முதலை. முதலையின் வயிற்றில் பஞ்சு பிதுங்குகிறது. கூட்டம் அதன் முன்னால்தான்.

கோட்டையைக் கட்டியவன் மருதராயன் என்று எங்கள் அட்டை சொல்கிறது. அவன் ஒரு கல்லையாவது தூக்கியிருப்பானா என்று உமாபதி சாரிடம் கேட்டேன். அவர் எங்கள் காப்பாட்சியர், இந்த இடத்துக்குத் தலைவர். ஓய்வுக்குக் காத்திருக்கிறார். "இன்னும் கொஞ்ச காலம் எனக்கு நிம்மதியா இருக்கணும்மா" என்றார். அதுதான் பதில்.

ஜூன் 8

முதலைக்குப் போட்டி வருகிறது. 'ராயன் தர்பார்' என்று புதுக் கூடம் திறக்கப் போகிறார்களாம். சிம்மாசனத்தில் ராஜா, பக்கத்தில் ராணி, அமைச்சர், காவலன், விசிறி வீசும் பணிப்பெண். எல்லாம் ஃபைபர் சிலைகள், ஆள் உயரத்தில். ஆகஸ்ட் பதினைந்து திறப்பு விழா.

சிலை செய்ய வடபழனியிலிருந்து லோகு வந்திருக்கிறார். சினிமா செட்டில் பத்து வருடம் வேலை பார்த்தவர். குதிரை லாயத்தை அவருக்கு ஒதுக்கியிருக்கிறோம். வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ராஜா பார்க்க எப்படி இருப்பார்?

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பது மாலை முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரில் அவன் பேரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, பேருந்து நிறுத்தம் இருக்கிறது, சாராயக் கடைகூட ஒரு காலத்தில் இருந்தது. மூஞ்சி மட்டும் இல்லை.

ஜூன் 9

இருக்கிறது. இருந்தது.

காட்சிக்கு வைக்காததைப் போடும் சாமான் கிடங்கின் மூலையில் ஒரு புடைப்புச் சிற்பம் கிடக்கிறது. கால் மேல் கால் போட்ட ஆள், கையில் பூ, கீழே 'மருதராயன்' என்று தேய்ந்த எழுத்து. தோளுக்கு மேலே சப்பட்டை. பளபளவென்று வழுக்குகிறது. பழைய கோப்பைப் பார்த்தேன்: கோட்டைக்குள் போலீஸ் குடியிருப்பு இருந்த காலத்தில் இது துணி துவைக்கும் கல். ஊர் தெய்வமாகக் கொண்டாடும் ராஜாவின் முகத்தில் தலைமுறை தலைமுறையாகக் காக்கி டவுசர் துவைத்திருக்கிறார்கள்.

தடவிப் பார்த்தேன். கன்னம் இருந்த இடத்தில் சோப்பு வாசனை வருவதுபோல் ஒரு பிரமை. கல்லைச் சுவரோரம் நகர்த்த முயன்றேன், அசையவில்லை. பின்னால் ஒரு சாண் இடுக்கு. உள்ளே தேள் இருக்கலாம் என்று கையை விடவில்லை.

ஜூன் 12

லோகு முகம் செதுக்குவதில்லை. எடுக்கிறார். உயிருள்ள ஆளை உட்கார வைத்து, வாசலின் தடவி, மூக்கில் ஸ்ட்ரா செருகி, எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டை முகத்தில் ஒட்டி, காய்ந்ததும் உரித்து எடுத்தால் அச்சு தயார். அதற்குள் ஃபைபரை ஊற்றினால் முகம். சினிமாவில் வெட்டுப்பட்ட தலை வேண்டுமென்றால் இப்படித்தானாம்.

உமாபதி சார் காலையிலேயே தலைக்குச் சாயம் பூசி வந்திருந்தார். லோகு அவரை நிமிர்த்தி, திருப்பி, பார்த்துவிட்டு, "சாருக்கு அமைச்சர் முகம்" என்றார். சார் முகம் விழுந்தது. அதையும் சேர்த்து அச்சு எடுத்துவிட்டார். வாசல் காவலர் எத்திராஜ், காவலன். ராணிக்கு என் முகம் கேட்டார் லோகு. பேசாமல் இரண்டடி பின்னால் உட்கார்ந்திருக்கும் வேலை எனக்கு ஒத்து வராது என்றேன். "அப்ப விசிறி வீசுங்க" என்று என் கையை மட்டும் எடுத்துக்கொண்டார். ராணிக்கு அவரிடமே ஒரு பழைய நடிகையின் அச்சு இருக்கிறதாம்.

ராஜாதான் கிடைக்கவில்லை.

ஜூன் 14

கிடைத்துவிட்டார்.

லோகு லாயத்து வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தபோது, அகழியிலிருந்து பிளாஸ்டிக் குப்பையைத் தலையில் சுமந்துகொண்டு முனிரத்தினம் அண்ணா மேலே ஏறி வந்திருக்கிறார். கழிப்பறையும் அகழியும் சுத்தம் செய்ய ஒப்பந்த கம்பெனி போட்ட ஆள். ஆறடி. அகன்ற தாடை, கத்தி மாதிரி மூக்கு, வாயின் இரண்டு பக்கமும் இறங்கும் மீசை. லோகு பீடியைப் போட்டுவிட்டு எழுந்தே நின்றாராம்.

மாவுக்கட்டு போடும்போது நான் பக்கத்தில் இருந்தேன். மீசையைச் சோப்பால் படிய வைத்து மூடினார் லோகு. கால் மணி நேரம் சிரிக்கக் கூடாது. எத்திராஜ் வாசலில் நின்று ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட என்று கட்டியம் கூறினார். கட்டுக்குக் கீழே அண்ணாவின் வயிறு மட்டும் குலுங்கியது.

அச்சிலிருந்து வந்த முகத்தில் மீசை இல்லை. மேலுதடு மொழுக்கென்று, சின்னப் பையன் மாதிரி. அவரே தூக்கிப் பார்த்து, "இது எவன்டா?" என்றார். மீசையில்லாத முகத்தைத் தன் மனைவிகூடப் பார்த்ததில்லை என்றார்.

ராஜாவாக இருக்கச் சம்மதமா என்று நான்தான் கேட்டேன். "எனக்கு இன்னா மேடம். மூஞ்சியக் கேட்டாரு, குட்த்தேன். கழுவித் திருப்பிக் குடுத்துட்டாரே."

அவர் வீடு ஏரிக்கரை காலனி. ரேஷன் கடை தாண்டி, மூன்றாவது குழாயடியில் இடது பக்கம். எனக்குத் தெரியும். இங்கே என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். நான் அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

ஜூலை 2

மழை. மூன்று வாளி. மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்று வந்து முதலையின் பல்லில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

ஜூலை 11

இன்று ராஜாவுக்கு மீசை. நிஜ மனித முடி, வலையில் ஒவ்வொன்றாக முடிந்தது. மேலே முறுக்கிய மீசை. நடிகர்களுக்கு ஒட்டும் பசையால் லோகு அதை ஒட்டி, ஈரத்துணியால் அழுத்திப் பிடித்தார். கண்ணாடிக் கண், தலைப்பாகை, காதில் கடுக்கன். அவ்வளவுதான், மருதராயன் வந்து உட்கார்ந்துவிட்டான். நானே ஒரு கணம் முதுகை நிமிர்த்தினேன். எரிச்சலாக இருந்தது.

தலைப்பாகையைத் தாண்டிப் பார்த்தால் முனிரத்தினம் அண்ணா. ஆனால் யார் தாண்டிப் பார்க்கப் போகிறார்கள்? அவர் முகத்தையே இந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்?

ஜூலை 20

தணிகாசலம் வந்தார். அரிசி ஆலை, கல்யாண மண்டபம், 'மருதராயன் வழித்தோன்றல் பேரவை'த் தலைவர். தர்பாருக்கு விளக்கும் திரைச்சீலையும் அவர் உபயம். வெள்ளை வேட்டிக் கூட்டம் ஒன்று பின்னாலேயே.

சிலை முன்னால் வெகுநேரம் நின்றார். கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, நான் பார்த்தேன். பிறகு திரும்பி, "இது எங்க தாத்தா மூக்கு" என்றார். நிருபர் படம் எடுக்க, ராஜாவுக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் நின்று தன் மூக்கையும் காட்டினார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அவர் மூக்கு குடைமிளகாய். ஒருவருக்கும் தெரியவில்லை. ரத்தம் ரத்தம்தான் என்றார் ஒருவர். உமாபதி சார் தலையாட்டினார். சிலையில் அமைச்சரும் அதே முகத்தோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

அவர்களுக்குப் பின்னால், திரைச்சீலை மாட்டுவதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் முனிரத்தினம் அண்ணா. அவரைப் பார்த்தேன். அவர் ஏணியைப் பார்த்தார்.

போகும்போது தணிகாசலம் என்னிடம் நன்றாகப் படித்தவளாக இருக்கிறாயே, எந்தத் தெரு பாப்பா என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். எல்லாத் தெருவும் ஏதோ ஒரு விதத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம்தான்.

ஜூலை 21

பாஷா பாய் டீக்கடையில் குடைமிளகாய்க் கதையை நடித்துக் காட்டினேன். லோகுவுக்குப் புரையேறியது. எத்திராஜ் பெஞ்சியில் விழுந்து சிரித்தார். பாஷா பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "நம்ம முனிரத்தினமா, நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். கடையில் வேறு யாரும் இல்லை. ஓரத்தில் யாரோ இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 27

ஊரெல்லாம் ஃபிளெக்ஸ். முறுக்கு மீசையோடு மருதராயன், பக்கத்தில் தணிகாசலம், இரண்டு பேருக்கும் ஒரே அளவு தலை. மாதக் காலண்டரும் அடித்துவிட்டார்கள். என் தெருவிலேயே ஒரு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள், அரிசி வாங்கினால் இலவசமாம்.

எத்திராஜ் காலையில் முனிரத்தினம் அண்ணாவுக்கு சல்யூட் வைத்தார். சைக்கிளில் போன பையன்கள், "ராஜா, கக்கூஸ் எப்ப திறப்பீங்க" என்று கத்தினார்கள். இது எப்படி வெளியே போனது என்று தெரியவில்லை. இந்த ஊரில் எதையும் ஒளித்து வைக்க முடியாது.

ஜூலை 30

ஒப்பந்த கம்பெனி மேற்பார்வையாளர் கோபி வந்தார். உமாபதி சார் அறையில் கதவைச் சாத்திப் பேசினார்கள். குறிப்பு அட்டையில் கையெழுத்து வாங்குகிற சாக்கில் நானும் உள்ளே போய் நின்றேன்.

பேரவைக்கு விஷயம் எட்டிவிட்டது. நான் நினைத்தது, தலையைக் கழற்றச் சொல்வார்கள் என்று. அது இல்லை. தலையைக் கழற்றினால் ஏன் என்று ஊர் கேட்கும். ஃபிளெக்ஸ் இருக்கிறது, காலண்டர் இருக்கிறது, தாத்தா மூக்கு பேப்பரில் வந்துவிட்டது. சிலை அப்படியே இருக்கும்.

முனிரத்தினம் அண்ணா மீசையை எடுத்துவிட வேண்டும்.

அவ்வளவுதான் கேட்கிறார்கள் என்றார் கோபி. பெரிய மனசு பண்ணி அவ்வளவோடு விடுகிறார்கள் என்கிற தொனியில்.

ஜூலை 31

தூங்கவில்லை. யோசிக்க யோசிக்க வியப்பாகத்தான் இருக்கிறது. ஒரு நகல் செய்கிறோம். நகலைக் கும்பிடுகிறோம். பிறகு அசலிடம் போய், நீ நகலைப் போல் இருக்கிறாய், மாற்றிக்கொள் என்கிறோம். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சாரிடம் சண்டை போட்டேன்.

"ஒரு மீசைதானேம்மா" என்றார். "மயிரு. மறுபடி வளரும்."

"மயிருதானே சார். அப்ப ராஜாவுக்கு எடுத்துடலாமே."

அவர் பதறவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "ராஜாவுக்கு மீசை இல்லாம எப்படிம்மா?" என்றார். அவருக்கே தான் என்ன சொன்னோம் என்பது கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3

அகழிப் படியில் முனிரத்தினம் அண்ணாவோடு உட்கார்ந்தேன். கோபி அவரிடம் நேற்று நேரடியாகச் சொல்லியிருக்கிறார். எடுக்கவில்லை என்றால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணாவின் பெண் நர்சிங் கடைசி வருடம். இந்த நேரத்தில் வேலை போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குச்சியால் தண்ணீரில் மிதந்த ஒரு செருப்பை இழுத்து இழுத்து விட்டார்.

"எங்கப்பனுக்கு மீசை கெடையாது" என்றார். "ஏன்னு நான் கேட்டதில்ல. அவரு சொன்னதுமில்ல. நான் பத்தொம்போது வயசுல வெச்சேன். ஊருக்குள்ளேர்ந்து மூணு பேரு வீட்டாண்ட வந்து கேட்டாங்க. வெச்சுட்டேன், இன்னா இப்போன்னேன். போய்ட்டாங்க. அப்பன் மூணு நாள் எங்கூடப் பேசல. நாலாவது நாளு சீப்பு வாங்கியாந்து குட்த்தாரு. சின்ன சீப்பு."

என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பாக்கலாம்" என்றார். செருப்பு கரைக்கு வந்துவிட்டது. எடுத்து மூட்டையில் போட்டார்.

ஆகஸ்ட் 5

அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டது: "நீ இதுல எங்க இருக்கே?" எங்கும் இல்லை என்றேன். "அப்படியே இரு. அந்த வேலை வாங்க நான் எத்தனை பேரு கால்ல விழுந்தேன்னு உனக்குத் தெரியாது. வாயைத் திறந்தே, தெரு தெரிஞ்சிடும்."

அரிசி ஆலைக் காலண்டரை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். ஆணியோடு பிடுங்கினேன். சுவர்க் காரை உதிர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பெருக்கினோம்.

ஆகஸ்ட் 9

லோகு வேறு வேலைக்குப் போய்விட்டார். போனில் பிடித்தேன். திறப்பு விழாவன்று மீசை பிய்ந்து தொங்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். பிய்யாது என்றார். சரி, ஒருவேளை எடுக்க வேண்டியிருந்தால்? தின்னரைப் பஞ்சில் நனைத்து ஓரத்தில் வைத்து, ஊறியதும் மெதுவாக மேலே தூக்க வேண்டும், அவசரப்பட்டால் பெயிண்ட் உரியும் என்றார். எதற்கு மேடம் என்றார். பொதுவாகத் தெரிந்துகொள்ளத்தான். எனக்கு எல்லாம் தெரிந்துகொள்ள ஆசை. சின்ன வயதிலிருந்தே.

ஆகஸ்ட் 12

கோபி கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினைந்தாம் தேதி மீசை இல்லாமல் வா, இல்லாவிட்டால் வராதே.

முனிரத்தினம் அண்ணா கழிப்பறைக் குழாயைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். எடுக்கமாட்டார். அந்தச் சீப்பு இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது, பார்த்தேன். எடுக்கமாட்டார். அப்படியென்றால் வேலை போகும். இரண்டு முகமும் ஒன்றுபோல் இருப்பதுதான் அவர்கள் பிரச்சினை. ஏதாவது ஒன்று மாறினால் போதும். எது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14

தோரணம் கட்டி, நாற்காலி போட்டு, திரையை இழுத்து மூடி, கடைசியாக நான்தான் பூட்டினேன். அம்மா என் மேல் பெயிண்ட் வாசனை வருகிறது என்றாள். சைக்கிளுக்கு அடித்தேன் என்றேன். சைக்கிளைப் போய்ப் பார்க்கவில்லை அவள்.

ஆகஸ்ட் 15

எழுதத்தான் வேண்டும்.

காலையில் போனபோது முன்கூடத்தை யாரோ புது ஆள் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டார்களா என்று ஆத்திரத்தோடு கிட்டப் போனேன். ஆள் நிமிர்ந்தார்.

முனிரத்தினம் அண்ணா.

மேலுதடு வெளுத்து, மொழுக்கென்று, சின்னப் பையன் மாதிரி. ஓரத்தில் பிளேடு கீறல். நேற்று சாயங்காலமே எடுத்துவிட்டாராம். அவர் பெண் அழுதாளாம். மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாளாம், பிறகு அவளும் அழுதாளாம். சாதாரணமாகச் சொன்னார். ஏன் எடுத்தீர்கள் என்று கத்தினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். சுற்றிலும் யாரும் இல்லை. "போய்க் கையக் கழுவு, ராணி பொண்ணே. தின்னரு நாறுது" என்றார். என் அம்மா பெயர் ராணி. இத்தனை மாதத்தில் இன்றுதான் அப்படிக் கூப்பிட்டார்.

கழுவினேன். சோப்பு போட்டு மூன்று தடவை. திரும்பி வருவதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சாமான் கிடங்குச் சாவி சார் இடுப்பில் இருந்தது. சார் அதிகாரிகளுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். நேற்று செய்ததைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

முனிரத்தினம் அண்ணாவைப் போகச் சொல்லலாம் என்று தேடினேன். தர்பார் கூடத்தில் ஒரு பையன் ரஸ்னாவைக் கொட்டிவிட்டான், அவரைக் கூப்பிட்டு அதைத் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். திரைக்கு மிகப் பக்கத்தில், குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் மாலையோடு வந்தார். மேளம். கயிற்றை இழுத்தார். திரை விலகியது.

ராஜாவுக்கு மீசை இல்லை.

மேளக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் பார்த்துவிட்டு நிறுத்தினார். தலைப்பாகை, கடுக்கன், நகை, எல்லாம் அப்படியே இருந்தன. நடுவில் ஒரு மொழுக்கு உதடு. லோகு அச்சில் எடுத்த அதே முகம், ஒரு மயிர் கூடுதல் குறைவு இல்லாமல்.

"மீசை எங்க?" என்றார் தணிகாசலம். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பாவம், காற்றைக் கேட்டிருப்பார்.

முனிரத்தினம் அண்ணா ஈரத்துணியோடு நிமிர்ந்தார். முதலில் தணிகாசலத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி ராஜாவைப் பார்த்தார். அவசரமே இல்லாமல், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எடுத்துட்டேங்க. நீங்க சொன்ன மாதிரியே."

ஒரு முகம் உட்கார்ந்திருந்தது. அதே முகம் பக்கத்தில் ஈரத்துணியோடு நின்றது. நடுவில் குடைமிளகாய்.

பிள்ளைகள்தான் முதலில். ஒரு சின்னப் பெண், சிரிக்கவில்லை, இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீச்சரிடம் கேட்டாள், "மிஸ், ராஜா எதுக்கு தொடைக்கிறாரு?" டீச்சர் வாயைப் பொத்தினார். தன் வாயை. பின்வரிசையில் எத்திராஜ் குலுங்கிய சத்தம் கேட்டது. பிறகு கூடமே.

தணிகாசலம் கையிலிருந்த மாலையை வைத்துக்கொண்டு தவித்தார். போட்டால் யாருக்குப் போடுகிறார்? போடாவிட்டால் தாத்தா மூக்கை என்ன செய்வது? கடைசியில் ராஜாவுக்குப் போட்டார். பூ உதட்டை மறைக்கிற அளவுக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கையை விட்டதும் மாலை வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 17

தர்பாரில் 'பராமரிப்புப் பணி' என்று அட்டை தொங்குகிறது. நான்தான் தட்டச்சு செய்தேன். முதலைக்குப் பழைய கூட்டம் திரும்பிவிட்டது.

ஆகஸ்ட் 19

விசாரணை. உமாபதி சாரின் நாற்காலியில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார், சார் நின்றிருந்தார். விழாவுக்கு முந்தின நாள் யாரிடம் தர்பார் சாவி இருந்தது என்று கேட்டார்கள். என்னிடம் என்றேன். மீசை எங்கே? பிய்ந்து விழுந்திருக்கலாம், எலி இழுத்துப் போயிருக்கலாம், கோட்டையில் எலி அதிகம் என்றேன். லோகுவைப் புதிதாக ஒன்று செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தீபாவளி வரை தேதி இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

முனிரத்தினத்தை மாற்றிவிடலாமா என்று கோபி கேட்டார். தணிகாசலம் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். மாற்றினால் ஏன் என்று ஊர் கேட்கும். சிலையை மாற்றினாலும் கேட்கும். எதையும் தொடக் கூடாது. அவர்கள் போட்ட முடிச்சுதான்.

எழுந்து போகும்போது என்னிடம் திரும்பினார். "அன்னிக்குக் கேட்டேனே, எந்தத் தெருன்னு சொன்னே?"

சார் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். என் விண்ணப்பத்தில் இருக்கும் முகவரி அவருக்குத் தெரியும். இத்தனை நாளாக அவரும் அதை யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏரிக்கரை காலனி" என்றேன். "மூணாவது குழாயடி."

தணிகாசலம் என்னை மேலும் கீழும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது போல் தலையை ஆட்டினார். என்ன புரிந்ததோ. என் ஒப்பந்தம் மார்ச் வரை. அதற்குப் பிறகு நீட்டிப்பார்கள் என்று தோன்றவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். சோற்றைப் போட்டாள். இன்னும் பேசவில்லை.

ஆகஸ்ட் 26

கிடங்கில் எண் ஒட்டும் வேலை. துவைகல்லை ஈரத்துணியால் துடைத்தேன். இந்த ஒரு மருதராயனைத்தான் யாரும் எங்கள் தாத்தா என்று சொல்லி வரவில்லை. பின்னால் அந்த இடுக்கு. தேள் பயத்தில் யாரும் அதற்குள் கை விடமாட்டார்கள். நான் விட்டது ஒரே தடவை, பதினாலாம் தேதி.

செப்டம்பர் 5

தர்பாரை இப்போது ஒருவர் மட்டும்தான் பார்க்கிறார். தினமும் காலையில் சாவி வாங்கிக்கொண்டு போய் முனிரத்தினம் அண்ணா தூசி தட்டுகிறார். இன்று நானும் கூடப் போனேன். ராஜாவின் மடியில் வௌவால் எச்சம். சுரண்டினோம்.

என் மேல் கோபமா என்று கேட்டேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. அவர் மடியைத் துடைத்து முடித்தார். தலைப்பாகையைத் துடைத்தார். பிறகு ராஜாவின் கண்ணாடிக் கண்ணில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கக் கிட்டே குனிந்தார். மேலுதட்டில் கறுப்பும் வெளுப்புமாக மூன்று வாரத்து முடி. சட்டைப் பையிலிருந்து சின்ன சீப்பை எடுத்து, சீவுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"எனக்கு மொளச்சிடும்" என்றார். சீப்பால் சிலையின் உதட்டைத் தட்டிக் காட்டினார். "இவருக்கு மொளைக்காது."